ஸ்லாட்டனுக்கு ஏன் அந்தக் கோப்பை கிடைக்கல?

ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் பேச்சை எடுத்தாலே, லீக்கில் புலி, சாம்பியன்ஸ் லீக்கில் பூனை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஹாலந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் என நாலு நாட்டில் லீக் ஜெயித்தவர், சாம்பியன்ஸ் லீக்கிலேயே 48 கோல் அடித்தவர், பெரிய ஆட்டம்னா பயந்துவிடுவாரா என்ன? எனக்கு இது சோம்பேறித்தனமான பதிலாகத்தான் படுது.

ஆனா குற்றச்சாட்டில் உண்மை இருக்கு. 2002-ல் அஜாக்ஸுக்காக லியோனுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டவர், நாக்-அவுட் கட்டத்தில் முதல் கோல் அடித்தது 2010 பிப்ரவரியில், ஸ்டுட்கார்ட்டில். நடுவில் யுவென்டஸ், இன்டர் என்று இத்தாலியில் அஞ்சு வருஷம்.

இன்டரை மட்டும் பாருங்க. 2007-ல் வலென்சியா, 2008-ல் லிவர்பூல், 2009-ல் மான்செஸ்டர் யுனைடெட். மூணு வருஷமும் கடைசி 16-லேயே வெளியே. அந்த ஆறு ஆட்டத்தில் இன்டர் அணியே அடித்தது 2 கோல்தான், ரெண்டும் அவருடையது இல்லை. ஓல்ட் டிராஃபோர்டில் அவர் தலையால் முட்டியது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அவ்வளவுதான். அந்த அணியில் தாக்குதலுக்கு இருந்தது ஒரே வழி: பந்தை ஸ்லாட்டனிடம் கொடு, மிச்சத்தை அவர் பார்த்துக்குவார். லீக்கில் பாதி அணிகளுக்கு இதைத் தடுக்கத் தெரியாது. ரெண்டே ஆட்டத்துக்காகத் திட்டம் போட்டு வருகிற ஃபெர்குசனுக்குத் தெரியும்.

2009-ல் பார்சிலோனா அவரை வாங்கியது. பதிலுக்கு எட்டோவையும், மேலே சுமார் 4.6 கோடி யூரோவையும் கொடுத்தது. அடுத்த வருஷமே இன்டர் சாம்பியன், அதுவும் அரையிறுதியில் பார்சிலோனாவையே வீழ்த்தி! அந்த ஆட்டத்தில் மோட்டா சிவப்பு அட்டை வாங்கிப் போனதும், எட்டோ ஃபுல்பேக் மாதிரி இறங்கித் தடுத்தார். ஸ்லாட்டனிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டாங்க. இறுதிப் போட்டியின் முதல் கோலும் கவனிக்க வேண்டியது. கோல்கீப்பர் அடித்த நீளப் பந்துதான், ஸ்லாட்டன் காலத்து அதே வழி. ஆனா மிலிட்டோ அதைத் தலையால் ஸ்னைடருக்குத் தள்ளிவிட்டு முன்னால் ஓடினார். பந்து திரும்பி வந்தது, கோல். ஸ்லாட்டனா இருந்தா பந்தை நிறுத்தி, எல்லாரும் வரட்டும்னு காத்திருப்பார்.

பார்சிலோனாவில் பிரச்சினை வேற. ஆர்சனல் மைதானத்தில் ரெண்டு கோல் அடித்தார், அருமையான கோல்கள். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. மெஸ்ஸி நடுவில் ஆடி நாலு கோல் போட்டார். குவார்டியோலாவுக்கு அதுக்கப்புறம் என்ன யோசனை வேணும்?

பிஎஸ்ஜி காலத்தில் ஆண்டர்லெக்டுக்கு எதிரா ஒரே ஆட்டத்தில் 4 கோல், ஆனா அது குழுச் சுற்று. 2015-ல் செல்சி மைதானத்தில் 31-வது நிமிஷமே அவருக்குச் சிவப்பு அட்டை (கொஞ்சம் கடுமையான தீர்ப்பு). மிச்சம் பத்து பேரும் ரெண்டு கார்னரில் ரெண்டு கோல் அடித்து அணியைக் காலிறுதிக்குக் கொண்டுபோனாங்க. வழி அடைபட்டதும் வேற வழி தேடினாங்க.

2016 காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா அவர் அடித்த பெனால்டியை ஜோ ஹார்ட் தடுத்ததை மட்டும் எந்த அணி அமைப்பின் தலையிலும் கட்ட முடியாது. அது அவர் கணக்கு.