ஏலமலைச் சரிவில் ஒரு வார வாசிப்பு

கோடை வாசிப்பு என்றதும் இலேசான நூல்களையே பலரும் பரிந்துரைப்பது வழக்கம். இவ்வாண்டு நான் அவ்வழியில் செல்லவில்லை. புதுநன்மை வகுப்புகள் முடிந்து, பள்ளிகள் திறப்பதற்கு முன் கிடைத்த ஒரு வாரத்தைப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம் ஒன்றில் அன்பர் ஒருவரின் வீட்டில் கழித்தேன். பையில் எடுத்துச் சென்ற நூல்கள் யாவும் மலைத்தோட்டத் தொழிலாளரைப் பற்றியவை. மலையில் அமர்ந்து மலைநூல்களைப் படிப்பதில் ஒரு பயன் உண்டு. எழுத்தில் பொய்யிருந்தால் சன்னலைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்த நெடுங்கதை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்ட ஆசிரியர், தம் கதையை இலங்கைத் தேயிலைக்குக் கொண்டுசெல்கிறார். நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து மருதி கப்பலேறுகிறாள். தோட்டம் அவள் உழைப்பை எடுத்துக்கொள்கிறது, பிறகு உடலையும் எடுத்துக்கொள்கிறது. கதையின் பிற்பகுதியில் ஆண்டுகள் ஓட்டமாய் ஓடுகின்றன; தற்செயல்கள் மிகுதி. வடிவம் பற்றிக் கவலைப்படுவோர் இதை அவருடைய சிறந்த ஆக்கங்களுள் வைக்கமாட்டார்கள். எனினும் ஊரை விட்டுப் புறப்படுவதற்கான காரணத்தை ஊருக்குள்ளேயே காட்டுகிறாரே, அதுதான் இக்கதையின் வலிமை. கங்காணி வந்து ஆசை காட்டுவதற்கு முன்னரே, சாதியும் பண்ணையும் அந்தப் பெண்ணை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டன. தோட்டத்தின் கொடுமையைச் சொல்லும் பலர் இந்த முதல் தள்ளலைச் சொல்வதில்லை.

அடுத்து ‘எரியும் பனிக்காடு’. இதற்கு இரண்டு முழு நாள்கள் தேவைப்பட்டன. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் இதனை ‘ரெட் டீ’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேளின் தமிழாக்கம் வந்தது 2007இல். இடையில் 38 ஆண்டுகள். எவருடைய வாழ்க்கை இந்நூலில் எழுதப்பட்டதோ அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இதைத் தம் மொழியில் கையிலெடுக்க அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

வெள்ளையர் ஆட்சிக் காலம். பஞ்சத்தால் வாடிய கருப்பனும் வள்ளியும் முன்பணம் பெற்று மலையேறுகின்றனர். மழை, அட்டை, மலேரியா, கங்காணியின் பிரம்பு. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது உழைத்தவர்களே கடன்காரர்களாக நிற்கின்றனர். அந்தக் கணக்குப் பக்கங்களே நூலின் உச்சம் என்பேன். அங்கே ஆசிரியர் குரலை உயர்த்துவதில்லை. எண்களைச் சொல்லிச் செல்கிறார், நமக்குத்தான் வயிறு எரிகிறது. குறை என்னவெனில், டேனியல் மருத்துவரின் கண்ணால் பார்க்கிறார். காய்ச்சலும் பேதியும் துல்லியமாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் கருப்பன் தனக்குள் என்ன பேசிக்கொள்கிறான்? பல இடங்களில் அவன் மனத்துக்குள் மருத்துவரே பேசுகிறார்.

இந்நாவலைத் தழுவி 2013இல் ‘பரதேசி’ என்னும் திரைப்படம் வந்தது. நோயாளிகளின் பக்கம் மருத்துவராகவே நிற்கும் நூலின் ஆபிரகாமை, படம் ஆடிப்பாடி மதம் பரப்பும் கேலிச்சித்திரமாக்கிவிட்டது. குருவானவன் என்பதால் மட்டும் எனக்கு இது உறுத்தவில்லை. தோட்டத்தில் நோய்க்குக் காரணம் என்ன, அதைத் தடுப்பதற்குத் தடையாயிருந்தவர் யார் என்று நாவல் எழுப்பிய கேள்வி அந்தக் கூத்தில் காணாமற் போயிற்று.

மூன்றாவதாகத் தெளிவத்தை ஜோசப். இலங்கை மலையகத்தில் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூட்டிக்கொண்டு, 2022இல் மறைந்தவர். 1974இல் வந்த ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை இம்முறை எடுக்கவில்லை. சிறுகதைகளை மட்டும் படித்தேன். ‘மீன்கள்’ என்னும் கதையில், வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றை அறை லயத்தில் இரவைக் கழிக்க வேண்டிய தம்பதியரின் கூச்சம் எழுதப்பட்டிருக்கிறது. பிரம்பும் இல்லை, துரையின் அதட்டலும் இல்லை. ஓர் அறையின் நீள அகலமே கொடுமையாகிறது. டேனியலுக்கு எட்டாத இடம் இது. லயத்துக்குள் வாழ்ந்தறிந்தவருக்கே அந்த இருட்டு தெரியும்.

இந்த மூவரையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. மூவருமே எழுதியது தேயிலையை. நான் அமர்ந்திருந்ததோ ஏலக்காட்டில்! காலையில் சன்னலுக்கு வெளியே, மரநிழலில் குனிந்து, தூரடியில் படர்ந்த சரங்களிலிருந்து பழுத்த காயை மட்டும் தேர்ந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் போடியிலிருந்து வந்தவர்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்குள் வேலை செய்து, மாலையில் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறவர்கள். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குச் சென்றன. தோட்டம் ஒரு மாநிலத்திலும் அடுப்பு வேறொரு மாநிலத்திலுமாக இவர்கள் வாழ்க்கை அமைந்தது. இவர்கள் பறிக்கும் காய் போடியிலும் புற்றடியிலும் ஏலம் போகிறது. அதன் விலை நாளேடுகளில் அச்சாகிறது. இவர்கள் கதைக்குத் தேயிலையின் கதைக்குக் கிடைத்த அச்சில் ஒரு சிறு பங்கும் கிடைக்கவில்லை.

ஏன் இவ்வாறு? தேயிலைத் தோட்டம் லயத்தைக் கட்டியது. லயம் ஒரு சிறைதான். எனினும் அது ஓர் ஊராகவும் இருந்தது. அங்கே கோயிலும் சண்டையும் காதலும் சாவும் ஓரிடத்தில் திரண்டன. சங்கம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து எழுத்தாளரும் வந்தனர். 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேரை விழுங்கியபோது, அந்த லயங்களில் மாண்டவர்களை உலகம் ஒரு சமூகமாக எண்ணிப் பார்க்க முடிந்தது. ஏலத்தோட்டங்களோ பெரும்பாலும் சிறியவை, காட்டுக்குள் சிதறியவை. நாளுக்கு ஒரு தோட்டம் என்று மாறும் பெண்களுக்கு மலையில் ஊர் கிடையாது. அவர்களுடைய ஊர் அந்த ஜீப்புத்தான். கூலி பற்றியும் மருமகள் பற்றியும் வட்டிக்காரர் பற்றியும் பேச்செல்லாம் அதற்குள்ளேதான் நடக்கிறது. ஏலத்தின் நாவலை எவரேனும் எழுதினால் அதன் பாதி அந்த ஜீப்புக்குள் நிகழ வேண்டும்.

இக்குறையை ஓரளவு தீர்த்தது ஒரு திரைப்படம். லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. சிறு துண்டு நிலம் வாங்கக் கனவு காணும் ரங்கசாமியின் ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு போகும் காட்சியை இப்பக்கத்து மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவன் தன் நிலத்தை இழந்து, அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாவதோடு படம் முடிகிறது. அழுகையைத் தூண்டாத படம். ஆயினும் அது ஆணின் ஆசையைத் தொடரும் கதை. காய் எடுக்கும் பெண் அதில் ஓரத்திலேயே நிற்கிறாள்.

மலைமக்களின் குரல் அச்சில் குறைவெனினும் பாட்டில் குறைந்ததில்லை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகப் பாடிச் சென்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. தேர்தல் பாட்டாவது சிலர் நினைவில் தங்கியது. காய் எடுக்கையில் பாடியவை?

ஆகவே என் மழைக்கால வாசிப்பு சி. வி. வேலுப்பிள்ளையிலிருந்து தொடங்கும். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக இலங்கை நாடாளுமன்றம் சென்றவர்; மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கியது. அவருடைய ‘நாடற்றவர் கதை’யையும், அவர் தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களையும் நண்பரொருவர் அனுப்புவதாகச் சொல்லியுள்ளார். பாடல் தொகுப்பையே முதலில் எடுக்கவிருக்கிறேன். எப்படிக் கேட்டார், யாரிடம் கேட்டார், எதை விட்டுவிட்டார் என்று பார்க்க வேண்டும். அதன்பின் முல்க் ராஜ் ஆனந்தின் அஸ்ஸாம் தேயிலை நாவலான ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’. 1937இல் வந்தது, ‘துன்பக்கேணி’க்கு இரண்டே ஆண்டு இளையது என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆவல். நீலகிரிப் படகர் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ ஆகஸ்டுக்கு.

இவற்றுக்கிடையே இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பங்கில் கல்லூரிக்குச் செல்லும் பெண்பிள்ளைகள் நால்வர், ஏலக்காட்டுக்குப் போய்வரும் தாய்மாரின் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்திருக்கிறேன். அம்மாவும் அம்மாச்சியும் சொல்வதைச் சொன்னபடியே, திருத்தாமல் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி மட்டும் இதுவரை பதினோரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஜீப்பில் முன்னிருக்கை யாருக்கு என்பது பற்றியே அதில் மூன்று பக்கம்.