வதையும் அறுப்பும்

கால்நடைகளைத் துன்புறுத்தாது அறுத்தற்குரிய சட்டங்களைத் தமிழில் விளக்க முற்படுவோர்க்கு முதலில் நாவில் வருவது 'கருணைக் கொலை' என்னும் தொடர். மலேசிய விலங்கு நலச் சட்டம் 2015இல் இயற்றப்பெற்று, 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதுபற்றிப் பினாங்கு மாணாக்கர் வினவின், அத்தொடரை நாம் ஆளலாமா?

ஆளலாகாது என்பதே எம் கருத்து. மீளா நோயாளியின் துன்பம் தீர, அவர்பொருட்டே செய்வது கருணைக் கொலை. ஆடோ பிறர் உணவின்பொருட்டு உயிர்விடுகிறது. வள்ளுவர் அருளுடைமையை அடுத்தே புலால் மறுத்தலை வைத்தார். ஊனை விலைக்குக் கொள்வாரையும் பொறுப்பினின்று விடுவித்தாரல்லர். கொலைக்குக் கருணை என்னும் அடைமொழியை அவர் நெறி ஏலாது.

இனி, 'வதை' என்னும் சொல்லை நோக்குவோம். கொல்லுதல், துன்புறுத்துதல் என இரு பொருளும் அதற்குண்டு. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், உணவுக்காகக் கொல்லுதலைத் தடுக்கவில்லை. தேவையற்ற துன்பத்தையே தடுத்தது. அதன்கீழ் எழுந்த 2001ஆம் ஆண்டு விதிகள், ஒரு விலங்கின் கண்முன் மற்றொன்றை அறுக்கலாகாது என்றன. சினையுற்றதையும் மூன்று திங்கள் நிரம்பாத கன்றையும் விலக்கின. இக்கருத்து புதியதன்று. சூலுற்ற ஆட்டையும் பாலூட்டும் ஆட்டையும், ஆறு திங்கள் நிரம்பாத குட்டியையும் அசோகன் தன் ஐந்தாம் தூண் சாசனத்திலேயே காத்தான். அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், உணர்விழக்கச் செய்தபின் அறுத்தலை முறையாகக் கொண்டது. சமய முறை அறுப்பையும் உடன் ஏற்றது.

'கொலை' என்று மட்டும் கூறிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுக்கும் தமிழ் முஸ்லிம், ஆட்டை 'அறுத்தோம்' என்பார். காவல் தெய்வத்திற்கு நேர்ந்துகொண்ட இந்து, 'கடா வெட்டு' என்பார். இருவரும் அடுத்தடுத்து வாழும் ஜார்ஜ் டவுனில், ஆசிரியர் வாயிலிருந்து 'கொலை' என்னும் சொல் பிறப்பின், அது சட்ட விளக்கமாகாது. அண்டை வீட்டார் மீது சாற்றிய குற்றமாகும்.

ஆதலின் 'வதை தவிர்த்த அறுப்பு' என்போம். 'வதையிலா அறுப்பு' எனின், எச்சட்டமும் உறுதி தரவியலாததைத் தந்ததாகும். தவிர்த்தல் என்பது முயற்சியைச் சுட்டும். கத்தியை மறைக்காமலும், அதனை ஏந்தியவரைப் பழிக்காமலும் நிற்கும் சொல்லே மாணாக்கர்க்கு உரியது. உண்பதோ மறுப்பதோ, அதனை அவர்கள் உண்மையறிந்து தேர்ந்துகொள்வாராக.