ஃபிளாஷை மறுத்த கடிதம்: வாதம் எங்கே பலம், எங்கே பலவீனம்?

ஐபோனில் அடோபியின் ஃபிளாஷ் செருகுநிரலுக்கு ஏன் இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் ஒரு திறந்த கடிதம் எழுதினார். விவாதக் கட்டுரை எழுதும் மாணவர்கள் அதை ஒருமுறை வாசிக்கணும்.

பலம், பேட்டரி பற்றிய பகுதி. எச்.264 வீடியோவைச் சிப்பே கையாண்டால் 10 மணி நேரம் வரை ஓடும். மென்பொருள் கையாண்டால் 5 மணி நேரம்கூடத் தாங்காது என்கிறார். சும்மா ‘மெதுவாக இருக்கு’ என்று சொல்லாமல் எண்ணைக் காட்டுகிறார், பாருங்க.

பலவீனம், ‘திறந்த தரம்’ என்ற வாதம். அவர் துணைக்கு அழைக்கும் எச்.264-உம் காப்புரிமைக்கு உட்பட்டதுதான். அதை அவர் சொல்லவே இல்லை.

ஆனாலும் முடிவு சரி. 2020 இறுதியில் அடோபியே ஃபிளாஷைக் கைவிட்டது. அதில் செய்த பயிற்றிகள் உலாவியில் திறக்காமல் போயின. ஆசிரியர்களே, அடுத்த பயிற்றியை எச்டிஎம்எல்5-இல் செய்யுங்க.