கையெட்டும் அகலம்

நல்ல தச்சு வேலையைப் பார்க்கக் கோயில் கதவைத் தேடித்தான் போகவேண்டும் என்றில்லை. லிந்துலையில் தேயிலை மலைக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம், மரக்கறி போடுவதற்கென்று பலகையால் அடித்த பாத்திகளைப் பார்த்தேன். மண் கொட்டுவதற்கு முன்பே பார்க்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். மண் விழுந்தபின் பாதி அழகு உள்ளே போய்விடும்.

முதலில் மரம். தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரெவிலியாவை இங்கே சவுக்கு என்பார்கள். வாகாக அறுத்தால் பலகையில் சரிகை நெய்தாற்போல் மினுங்கும் திட்டுகள் தெரியும். ஆனால் ஈரமண்ணில் கிடந்து தாங்குகிற மரம் அல்ல அது. அதனால் தச்சு பாஸ் அதை மேல்விளிம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மண் தொடும் இடத்துக்கு யூகலிப்டஸ் எடுத்தார். அதிலும் வெளிறைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும். “வெளிற உட்டு வச்சா மண்ணு தின்னுருங்க” என்றார்.

அடுத்தது மூலை. பக்கத்துக்கு இரண்டு பலகை. கீழ்வரிசையில் நீளப்பலகை குட்டைப்பலகையின் நுனியை மூடுகிறது. மேல்வரிசையில் குட்டை நீளத்தை மூடுகிறது. செங்கல் கட்டில் ஒரு வரிசையின் பொருத்தை மறுவரிசை மறைக்குமே, அதே நியாயம். மரத்தின் நார்கள் வாய் திறந்திருப்பது வெட்டுமுகத்தில். தண்ணீர் அதிகம் குடிப்பதும் அந்த வழியாகத்தான். அங்கெல்லாம் மெழுகை உருக்கித் தடவியிருந்தார். தடவிய இடத்தை விரலால் தொட்டால்தான் தெரியும்.

நீளம் 2 மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். நிறைய மண் கொட்டி மழையும் ஊறினால் எடை முக்கால் டன்னைத் தாண்டும். பக்கப் பலகை தொப்பை போடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு குறுக்குச்சட்டம், கரண்டி தட்டாதபடி மண்ணுக்குள் தாழ்ந்து. சரிவின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் ஒரு பலகை கூடுதல். மலை சாய்கிறது, ரசமட்டத்தின் குமிழ் நடுவிலேயே நிற்கிறது.

இவ்வளவு மெனக்கெட்டு மண்ணை உயர்த்துவானேன்? தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும்; pH அளவு 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். கோவாவும் பீட்ரூட்டும் 6-க்கு மேல் கேட்கும். பெட்டிக்குள் டொலமைட்டும் மாட்டெருவும் கலந்து வேறொரு மண்ணைச் சமைத்துக்கொள்ளலாம். அடியில் பலகை கிடையாது. வேர் இறங்கும், மழைநீர் வடியும். பெருமழையில் பக்கத்துக் கான் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடினாலும் பெட்டி மண் இருந்த இடத்தில் இருக்கும்.

மேல்விளிம்பை இழைப்புளியால் மழித்து, கூர்முனையை உருட்டியிருந்தார். பிள்ளைகள் உட்காருவார்கள், சிலாம்பு ஏறக்கூடாது.

கடைசியாக அகலம். பெரியவர்களின் பாத்தி 120 சென்டிமீட்டர்வரை போகும். பாஸ் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, விளிம்பருகே குந்தவைத்து, “கைய நீட்டு மகள்” என்றார். நீட்டிய விரல்நுனிக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு: 45 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் பிள்ளைகள் குந்துவார்கள் என்று அதை இரட்டித்தார். 90. இனி யாரும் உள்ளே கால் வைக்கவேண்டியதில்லை. மிதிபடாத மண் இறுகாது.

நாடா பாஸின் சட்டைப் பையில்தான் இருந்தது. கைக்குப் பிறகுதான் அதை வெளியே எடுத்தார்.