செக் ஆய்வுரைநடையில் ஆசிரியர் தனிநடை

ஆய்வுரைக்குப் பொருளே உயிர். எழுதியவர் இன்னார் என்பது நடையில் தோன்றலாகாது என்பது பலர் கொள்கை. கவிஞர்க்கு அணியாகும் தனிநடை ஆராய்ச்சியாளர்க்குக் குற்றமாகும் என்பர் அவர். இக்கொள்கை முற்றும் பொருந்துவதன்று என்பதைச் செக் மொழியின் ஆய்வுரைநடை கொண்டு ஈண்டு விளக்குவாம்.

செக் மொழியில் அறிவுநூல் நடை தானே வளர்ந்ததன்று; அறிஞர் சிலர் முயன்று ஆக்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டார் ஆய்வுக்குப் பெரிதும் செருமானிய மொழியையே கையாண்டனர். யோசெப் தோப்ரோவ்ஸ்கி செக் மொழி இலக்கணத்தையே 1809இல் செருமானியத்தில்தான் வெளியிட்டார். யோசெப் யுங்மன் 1820இல் இலக்கியக் கொள்கை நூலொன்றைச் செக் மொழியில் இயற்றினார். 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாக அகராதியும் வெளியிட்டார். பிரெசில் என்பார் தாவரவியலுக்கும் வேதியியலுக்கும் புதுச்சொற்கள் படைத்தார். பலாட்ஸ்கி 1836இல் செருமானியத்தில் தொடங்கிய வரலாற்றை 1848 முதல் செக் மொழியில் வெளியிடலானார். இன்று பொதுநடை எனப்படுவது அன்று இவர்தம் தனிநடையாக இருந்ததே என்க.

1926இல் தோன்றிய பிராக் மொழியியல் வட்டத்தார் நடையைப் பயன் நோக்கி வகுத்தனர். அறிவியல் மொழிக்குத் துல்லியமே சிறப்பியல்பு என ஹாவ்ரானெக் 1932இல் வரையறுத்தார். இவ்வரையறை தனிநடைக்கு இடந்தராதது போலத் தோன்றும். ஆயின் அவ்வட்டத்தைத் தோற்றுவித்த மாதேசியுசு 1939இல் எழுதிய கட்டுரை அவ்விடத்தைக் காட்டுகிறது. செக் மொழியில் வேற்றுமை பெரும்பாலும் பெயரின் ஈற்றிலேயே புலப்படுதலின், சொற்கள் இடம் மாறினும் எழுவாயும் செயப்படுபொருளும் பெரும்பாலும் மயங்கா. 'நூலை எழுதினார் பலாட்ஸ்கி' என்பதும் 'பலாட்ஸ்கி எழுதினார் நூலை' என்பதும் ஒரே நிகழ்ச்சியையே கூறும். முன்னது எழுதியவர் யாரென்னும் வினாவிற்கும், பின்னது எழுதியது யாதென்னும் வினாவிற்கும் விடையாகும். அறிந்தது முன்னும் புதியது பின்னும் வருதல் இயல்பு. உணர்ச்சி மிக்கவிடத்து அம்முறை மாறும். நிகழ்ச்சி பொது, அதனை எந்நிரலில் வாசகர்முன் வைப்பது என்பது ஆசிரியர் தெரிவு.

தன்மைச்சொல்லிலும் இவ்வுரிமை உண்டு. 'காட்டுவேன்', 'காட்டுவோம்', 'புலனாகும்' என்னும் மூன்றும் செக் ஆய்வுரைக்கு ஏற்றனவே. தமிழில் 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தும். 'யாம்' அவரை விலக்கி நிற்கும். செக் மொழியின் தன்மைப் பன்மைக்கு இவ்வேறுபாடு இன்று. ஆதலின் வாசகரைத் தம்மோடு அழைத்துச் செல்கின்றாரா, எட்ட நிறுத்துகின்றாரா என்பதை ஆசிரியர் தம் நடையாலேயே உணர்த்தவேண்டும்.

தனிநடை தெளிவைக் கெடுக்காதோ எனின், கெடுப்பதும் உண்டு. ஒரு கலைச்சொல்லைப் பக்கந்தோறும் வெவ்வேறு பொருளில் வழங்குதல் தனிநடையன்று, வழுவே. கலைச்சொல்லும் சான்றும் பொதுவுடைமை. நிரலும், வினாவை எழுப்பும் முறையும், வாசகரோடு கொள்ளும் உறவும் ஆசிரியர்க்கு உரியன. இவ்வெல்லையை உணராதார் இரண்டையும் ஒருங்கே விலக்குவர்.

இன்று இவ்வேறுபாடு இன்றியமையாததாகிறது. செக் அறிஞர் பலர் ஆங்கிலத்திலும் எழுதுகின்றனர். நோக்கத்தை முதலிலேயே அறிவித்துப் பகுதிகளை வரிசையிட்டுக் காட்டுதல் ஆங்கில ஆய்வுரை மரபு. 'இன்ன வினாவை நோக்கி' என அடக்கமாகத் தலைப்பிட்டு, ஆராய்ந்து செல்லும் போக்கிலேயே முடிவைப் புலப்படுத்துதல் செக் எழுத்தில் பயின்றுவரும் ஒரு முறை. இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர் ஸ்வெத்லா சிமெய்ர்கோவா. ஒன்றை அளவுகோலாக்கின் மற்றொன்று குறையுடையதாகவே தோன்றும். அங்ஙனம் தள்ளப்படுவது ஓர் அலங்காரமன்று. சிந்திக்கும் முறைகளுள் ஒன்றாகும். ஆதலின் ஆய்வுரையை மதிப்பிடுவோர், ஆசிரியர் தம்மை மறைத்தனரா என்று வினவுதலினும், அவர் நடை பொருளை விளக்கிற்றா என்று வினவுதலே முறையென்பது எம் துணிபு.