பத்து சென்ட் காதல்

கடல் கொந்தளிக்கிறது. அலைகளுக்கு நடுவே ஒரு முகம். நீலம் பாய்ந்த கூந்தல். மூடிய இமையின் ஓரத்தில் கண்ணீர். மூழ்கிக்கொண்டிருக்கிறாள் அந்த மங்கை. ஆயினும் காதலனைக் கூவி அழைக்க மாட்டேன் என்கிறாள். அவன் துணையால் கரையேறுவதைவிட அலைக்கு அடியில் அடங்கிவிடுவதே மேல் என எண்ணுகிறாள்.

நியூயார்க் நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகத்தின் உடைமை இந்த ஓவியம். தீட்டியவர் ராய் லிக்டென்ஸ்டைன்; தீட்டிய ஆண்டு 1963; அருங்காட்சியகம் வாங்கியது 1971-இல். கலைவாணர் போற்றினர், பேராசிரியர் பொருள் உரைத்தனர். அவள் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டவர் மட்டும் நெடுநாள் வரையில் மிகச் சிலரே!

அவள் வந்தது ஒரு மலிவுப் பதிப்பிலிருந்து. 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' எனும் காதல் படக்கதை ஏட்டின் 83-ஆம் இதழ், நவம்பர் 1962. வரைந்தவர் டோனி அப்ருஸோ. மூலப் படத்திலே பின்புறம் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு காதலன் தத்தளிக்கிறான். அவளுக்கோ தசைப்பிடிப்பு. லிக்டென்ஸ்டைன் படகை நீக்கினார், காதலனை நீக்கினார், தசைப்பிடிப்பை நீக்கினார், காதலனின் பெயரையும் மாற்றினார். எஞ்சியது கடலும் கண்ணீரும். வெட்டியதும் ஒரு கலைதான், மறுக்கவில்லை நான். ஆனால் வெட்டியவர் பெயர் உலகறிந்ததாயிற்று. வரைந்தவர் பெயர் அடிக்குறிப்பாயிற்று. ஏன்? கித்தானில் இருந்தால் கலை, காகிதத்தில் இருந்தால் குப்பை எனும் தீர்ப்பை எழுதியவர் யார்?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது அருங்காட்சியகத்தில் அன்று, வகுப்பறையில். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாடநூலுக்குள் காதல் கதைப் புத்தகம் ஒன்றை மறைத்து வைத்துப் படித்தாள். பறித்தேன். "குப்பை" என்றேன். தலை குனிந்து நின்றவள், மெல்லக் கேட்டாள்: "சார், நீங்க இதைப் படிச்சுப் பாத்தீங்களா?"

படித்திருக்கவில்லை. படிக்காமலே தீர்ப்பளித்தேன். பட்டம் பெற்றவன், இலக்கியத் திறனாய்வு பயின்றவன், நூலைத் திறவாமலே நூலைக் கொன்றேன்! அந்த வெட்கம்தான் என்னை இந்த ஏடுகளிடம் அழைத்துச் சென்றது. காதல் கதை எனும் சரக்கைப் படமும் எழுத்துமாகப் பெருவாரியாக உற்பத்தி செய்து, மகளிரிடம் விற்று, பிறகு பழித்து, பிறகு விலைமதிப்பற்ற பொருளாக்கிய நாடு அமெரிக்கா. அங்கே முழுக் கதையும் நடந்து முடிந்திருக்கிறது. ஆகவே அங்கே பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். படக்கதை ஏடுகளிலே வீராதி வீரர்களின் செல்வாக்குச் சரிந்துகொண்டிருந்தது. ஜோ சைமன், ஜாக் கிர்பி எனும் இருவர், 'கேப்டன் அமெரிக்கா'வைப் படைத்தவர்கள், புது வழி தேடினர். 1919 முதல் விற்பனையில் கொழித்துவந்த 'ட்ரூ ஸ்டோரி' போன்ற ஒப்புதல் வாக்குமூலக் கதை ஏடுகளைக் கண்டனர். வளர்ந்த பெண்கள் அவற்றை விரும்பிப் படிக்கிறார்களே, அதையே படக்கதையாக்கினால் என்ன என்று எண்ணினர். 1947 செப்டம்பர்-அக்டோபர் இதழாக வெளிவந்தது 'யங் ரொமான்ஸ்'. விலை 10 சென்ட். முன்பணம் வேண்டா, இலாபத்திலே பாதி தருக என்பது பதிப்பகத்தாருடன் அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு. ஏடு விற்றது, மேலும் மேலும் அச்சிட நேர்ந்தது. 1949-இல் 'யங் லவ்' எனும் உடன்பிறப்பும் பிறந்தது.

ஒருவர் வீட்டு அடுப்பில் புகை கண்டால் ஊரே விறகு பொறுக்கும் அல்லவா! போட்டியாளர் அனைவரும் காதல் வணிகத்தில் குதித்தனர். 'ஃபாசெட்' நிறுவனம் 1948-இல் 'ஸ்வீட்ஹார்ட்ஸ்' எனும் ஏட்டைத் தொடங்கியது. அதன் முதல் இதழின் எண் என்ன தெரியுமா? 68! போர்க்கால வீரன் 'கேப்டன் மிட்நைட்'டின் ஏடு 67-ஆம் இதழோடு நின்றது. அஞ்சல் சலுகைக்கான உரிமத்தைப் புதிதாகப் பெறும் செலவை மிச்சம் பிடிக்க, பெயரை மட்டும் மாற்றி எண்ணைத் தொடர்ந்தனர். வீரன் உறங்கிய இரவிலே காதலி விழித்தாள், அவன் எண்ணை அணிந்துகொண்டு! பதிப்பு வரலாறு அறியாத சேகரிப்பாளர், இல்லாத முதல் 67 இதழ்களைத் தேடி அலைய வேண்டியதுதான்.

1949, 1950 ஆண்டுகளிலே நூற்றுக்கு மேற்பட்ட காதல் ஏடுகள் கடைகளில் குவிந்தன. குவிந்தது குப்புறவும் விழுந்தது. வாங்குவோரைவிட அச்சிட்டது மிகுதியாயிற்று. பல ஏடுகள் சில இதழ்களோடு மாண்டன.

சரி, உள்ளே என்ன இருந்தது?

"நான்" என்று தொடங்கும் கதைகள். நான் தவறினேன், நான் ஏமாந்தேன், நான் அழுதேன், நான் திருந்தினேன். உண்மைக் காதல் கதைகள் என்று அட்டையிலே அறிவிப்பு. வாசகி நம்பினாள்; தன்னைப் போன்ற ஒருத்தி தன்னிடம் மனம் திறக்கிறாள் என்று நெகிழ்ந்தாள். ஆனால் அந்த "நான்" யார்? எழுதியவர் பெரும்பாலும் ஆடவர். வரைந்தவர் பெரும்பாலும் ஆடவர். ஆன் ப்ரூஸ்டர், ரூத் அட்கின்சன் போன்ற பெண் ஓவியர் சிலரும், ஸீனா ப்ரோடி போன்ற பெண் பதிப்பாசிரியர் சிலரும் இருந்தனர், எனினும் சிலரே. கண்ணீர் பெண்ணுடையது, பேனா ஆணுடையது. பெண்ணின் வாயைத் திறந்து, அதற்குள் ஆண் தன் குரலை வைத்தான். இதுதான் இந்த இலக்கியத்தின் மூலக் குறை. பொய்யாகப் புனைந்தது குறையன்று, கதை என்பதே புனைவுதான். புனைவை வாக்குமூலம் என்று விற்றது குறை.

குறை கூறியதோடு நிறுத்திக்கொண்டால் மீண்டும் படிக்காத ஆசிரியனாகிவிடுவேன். ஆகவே நிறையும் கூறுகிறேன்.

'செயின்ட் ஜான்' எனும் சிறு பதிப்பகத்தின் ஏடுகளைப் புரட்டுக. அங்கே எழுதியவர் டேனா டச். வரைந்தவர் மாட் பேக்கர். டேனா டச்சின் நாயகியர் தவறு செய்கின்றனர், வீட்டாருக்குத் தெரியாமல் வெளியே செல்கின்றனர், தகாதவனை நம்புகின்றனர். ஆனால் அதற்காக அவர்கள் வாழ்வு பாழாவதில்லை. பட்டறிந்து, பகுத்தறிந்து, தாமே முடிவெடுத்து எழுகின்றனர். தவறிய பெண்ணுக்குத் தண்டனை என்ற பழைய கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. ஜான் பென்சன் என்பவர் இக்கதைகளைத் தேடித் திரட்டி 2003-இல் நூலாக வெளியிட்ட பிறகே, டேனா டச் எனும் பெயர் பலருக்கும் தெரியவந்தது. மலிவுத்தாளில் இத்தனை ஆண்டு புதைந்து கிடந்தது ஒரு நேர்மையான எழுத்து!

மாட் பேக்கரோ கறுப்பினத்தவர். 1921-இல் பிறந்து 1959-இல் மறைந்தவர். படக்கதைத் துறையிலே புகழ்பெற்ற முதற் கறுப்பின ஓவியருள் ஒருவர். அவர் தூரிகை படைத்த பெண்கள் நிமிர்ந்து நிற்கின்றனர், நேராக நோக்குகின்றனர். ஆனால் அவர் வரைந்த காதலர் பெரும்பாலும் வெள்ளையர்! தன் இனத்துக் காதலை வரைய அவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு சிறிது என்று எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்த இடத்தைத் திறக்க ஒரு முயற்சி நடந்தது. அன்றைய வழக்குச் சொல்லைப் பெயரிலே தாங்கி, 1950-இல் ஃபாசெட் வெளியிட்ட 'நீக்ரோ ரொமான்ஸ்'. கறுப்பின மக்களைக் கோமாளிகளாகவும் ஏவலாளராகவும் மட்டுமே படக்கதைகள் காட்டிவந்த காலத்தில், அவர்களைக் காதலராக, கற்றவராக, மானமுள்ள மாந்தராகக் காட்டியது அந்த ஏடு. வரைந்தவருள் ஆல்வின் ஹாலிங்ஸ்வொர்த் எனும் கறுப்பின ஓவியரும் இருந்தார். மூன்றே இதழ்கள்! அதோடு நின்றது. ஃபாசெட் படக்கதைத் தொழிலைக் கைவிட்ட பின், அதன் ஏடுகள் பலவற்றை வாங்கிய 'சார்ல்ட்டன்' நிறுவனம், 1955-இல் பழைய கதைகளைக் கொண்டு நான்காம் இதழ் ஒன்றை வெளியிட்டது. அவ்வளவே. இன்று சேகரிப்பாளர் கண்களில் எளிதில் அகப்படாத ஏடுகளுள் இவையும் உண்டு.

இனி, ஒழுக்கக் காவலர் வந்த கதை. 1948-இலேயே சில ஊர்களில் பிள்ளைகளைக் கொண்டே படக்கதை ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினர். 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்த்தம் கண்டன நூல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க மேலவையின் துணைக்குழு நியூயார்க்கிலே விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பகத்தார் தாமே ஒரு தணிக்கை விதித் தொகுப்பை வகுத்துக்கொண்டனர். காதல் கதைகளுக்கும் அதிலே விதிகள் உண்டு. இல்லத்தின் மேன்மையையும் மணவாழ்வின் புனிதத்தையும் கதைகள் வலியுறுத்த வேண்டும். மணமுறிவை விரும்பத்தக்கதாகக் காட்டலாகாது.

விளைவு? கொடுமை புரியும் கணவனை விட்டு விலகுவது நல்லதென ஒரு கதை சொல்ல இயலாது போயிற்று! ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் ஒருவகைப் பொய்யைக் கட்டாயமாக்கினர். தவறிக் கற்ற பெண் மறைந்தாள். கண்ணீர் வடித்துக் காத்திருந்து, கடைசிப் பக்கத்தில் கணவனைப் பெறும் பெண்ணே எஞ்சினாள். கடலில் மூழ்கினாலும் அவள் நினைப்பு அவனைப் பற்றியதே. லிக்டென்ஸ்டைன் கண்டெடுத்தது தணிக்கைக்குப் பின் வந்த கண்ணீரைத்தான். அதை மட்டும் பார்த்து, இந்த இலக்கியம் முழுவதுமே இப்படி என்று நகைத்தவர், தணிக்கை செய்தவனின் கைவண்ணத்தைக் கதை எழுதியவனின் கணக்கில் எழுதிவிட்டனர்.

தொலைக்காட்சி வந்தது, காலம் மாறியது, பெண்களின் எண்ணம் மாறியது. 'டிசி' நிறுவனம் கையேற்று நடத்திய 'யங் ரொமான்ஸ்' 1975-இல் நின்றது. 'யங் லவ்' 1977-இல் நின்றது. முப்பது ஆண்டுக் காதல் வணிகம் முடிந்தது.

பிறகு தொடங்கியது சேகரிப்பு. படக்கதைகளுக்கு விலைப் பட்டியல் நூலை 1970-இல் முதன்முதலாக வெளியிட்டார் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட். சேகரித்தவர் பெரும்பாலும் ஆடவர். தம் இளமைக்கால வீரர்களைத் தேடினரேயன்றித் தம் தமக்கையர் படித்த காதல் ஏடுகளைத் தேடவில்லை. படித்த பெண்களோ கைமாற்றிக் கைமாற்றிப் படித்தனர், கிழிந்ததும் எறிந்தனர். ஆகவேதான் நல்ல நிலையிலுள்ள காதல் ஏடு இன்று அரிது. அன்று 10 சென்ட்டுக்கு விற்ற மாட் பேக்கரின் அட்டைகள் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலம் போகின்றன.

வாங்குகிறவர்கள் அவற்றை என்ன செய்கின்றனர்? 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஏட்டின் நிலையை ஆய்ந்து, மதிப்பெண் இட்டு, கடினமான கண்ணாடி போன்ற நெகிழிப் பேழைக்குள் அடைத்து முத்திரையிடுகின்றனர். முத்திரையை உடைத்தால் மதிப்புப் போய்விடும். அட்டையைப் பார்க்கலாம், உள்ளே படிக்க இயலாது! அன்று தீயிட்டவன் படிக்கவில்லை. இன்று பேழையிட்டவனும் படிக்கவில்லை. ஒருவன் குப்பை என்றான், மற்றவன் புதையல் என்கிறான். இருவர் கையிலும் ஏடு திறக்கப்படவே இல்லை.

எல்லாச் சேகரிப்பாளரையும் இப்படிச் சாடுவது அறமன்று. மிஷெல் நோலன் என்பவர் நெடுநாள் சேகரிப்பாளர். 2008-இல் அமெரிக்கக் காதல் படக்கதைகளின் முழு வரலாற்றையும் நூலாக எழுதினார். இதழ் இதழாகத் தேடி, தேதியும் எண்ணும் திரட்டியவர்கள் இல்லையேல் இந்தக் கட்டுரையே இல்லை. 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றின் உரிமையை 28-ஆம் ஆண்டிலே புதுப்பித்தாக வேண்டும் என்பது அங்கு அன்றிருந்த சட்டம். மூடுண்ட பதிப்பகங்கள் பல புதுப்பிக்கவில்லை. பொதுவுடைமையாகிவிட்ட அந்த ஏடுகளைச் சேகரிப்பாளர் பலர் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் விலையின்றி வைத்துள்ளனர். டேனா டச்சையும் மாட் பேக்கரையும் நான் படித்தது அவ்வாறுதான். பூட்டி வைப்பவன் காவலாளி, பகிர்ந்தளிப்பவனே சேகரிப்பாளன்.

ஆகவே, நண்பர்களே, நாம் வேண்டுவது மூன்றாவது வழி. எரிக்கவும் வேண்டா, பேழையில் அடைக்கவும் வேண்டா, படிப்போம். படித்து, யார் எழுதியது, யார் சொன்னதாக எழுதியது, எந்த விதிக்கு அஞ்சி எழுதியது, யாருடைய பெயர் விடுபட்டது என்று கேட்போம். மலிவு இலக்கியத்துக்கு மன்னிப்பு வழங்கும் வேலையன்று இது. உயர்ந்த காப்பியத்துக்கு நாம் தரும் உழைப்பிலே ஒரு பங்கையேனும், நம் பெண்கள் உண்மையில் படிக்கிற நூலுக்கும் தரவேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த மாணவியின் புத்தகத்தை ஓரிரவில் படித்து முடித்தேன். கதை சுமார்தான். இரண்டு இடங்கள் நன்றாயிருந்தன. மறுநாள் திருப்பிக் கொடுத்து, அதை அவளிடம் சொன்னேன். "இதிலே 'நான்' என்று பேசுகிறாளே, அவளைப் போல நீ அறிந்த பெண் எவளேனும் பேசியதுண்டா?" என்றும் கேட்டேன். சற்றே சிந்தித்து, "இல்ல சார்" என்றாள். "அப்படியானால் எப்படிப் பேசுவாள்? எழுதிக் காட்டு" என்றேன்.

இதை எழுதுகிற நானும் ஆடவன்தான். அவள் பொருட்டு நானே பேசிக்கொண்டு போவது, மேலே நான் கண்டித்த குறையையே செய்வதாகும். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.