பின்னால் ஒன்றுமில்லாத டிராக்டர்

லெகோ டெக்னிக் துண்டுகளில் டிராக்டர் கட்டுகிறவர் கையில் ஒரு மோட்டார் கிடைத்தால், அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் பின்சக்கரம்தான். அடுத்த மோட்டார் ஸ்டியரிங்குக்கு. மூன்றாவது ஒன்று இருந்து, உள்ளே இடமும் மிஞ்சினால், பின்பக்கத் தூக்கிக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. வாடகைக்கு டிராக்டர் பேச வருகிற விவசாயி அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்பதில்லை. ஐந்து கலப்பையா ஒன்பது கலப்பையா, ரோட்டாவேட்டர் இருக்கிறதா, மணிக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார். அந்த வண்டி சம்பாதிப்பதெல்லாம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவியால்தான். மோட்டார் பூட்டிய பெரும்பாலான மாதிரிகளில் அந்த இடம் காலியாகக் கிடக்கும், அல்லது சும்மா தொங்கும் ஒரு கலப்பை இருக்கும். பார்வைக்கு அருமையாக இருக்கும். ஓட விட்டால் டிராக்டர் வேஷம் கட்டிய கார்.

இதில் வேடிக்கை, லெகோவுக்கும் டிராக்டருக்கும் உள்ள உறவு இன்றைய கட்டைகளுக்கே மூத்தது என்று சொல்லலாம். டென்மார்க்கின் பில்லுண்டில் மரப்பொம்மை செய்துகொண்டிருந்த அந்த நிறுவனம், 1950களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்ற பொம்மைகளில் ஒன்று ஃபெர்குசன் டிராக்டர். இன்று நமக்குத் தெரிந்த, உள்ளே குழாய் வைத்துப் பிடித்துக்கொள்ளும் கட்டைக்குக் காப்புரிமை கோரியதே 1958 ஜனவரியில்தான். அந்தப் பொம்மைக்கு மூலமான டிஇ20, இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஹாரி ஃபெர்குசனின் நிறுவனம் பிறகு மாஸி-ஹாரிஸுடன் இணைந்து மாஸி ஃபெர்குசன் ஆயிற்று. அவர்களுடன் கைகோத்துச் சென்னையில் 1960இல் தொடங்கியதுதான் டாஃபே. நம்மூர் வயல்களில் ஓடும் சிவப்பு மாஸிக்கும் அந்த டேனிஷ் பொம்மைக்கும் பாட்டன் ஒருவரே.

1977இல் டெக்னிக் வரிசை முதன்முதலாக வந்தபோதும் அதில் ஒரு டிராக்டர் இருந்தது. 2016இல் வந்த கிளாஸ் ஸெரியன் 5000 இந்த வரிசையின் பெரிய டிராக்டர், துண்டுகள் 1,977. அதிலிருக்கும் ஒரே மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. உண்மையான ஸெரியனில் கேபினையே பின்பக்கம் பார்க்கத் திருப்பலாம். அதுபோன்ற வேலைகளுக்குத்தான் அந்த மோட்டார். வாங்கியவர்கள் பலர் முதல் காரியமாக அதைப் பிரித்துச் சக்கரத்துக்கு மோட்டார் வைத்து ரிமோட் வண்டியாக்கினார்கள். வடிவமைத்தவர் சரியாகத்தான் யோசித்தார். வாங்கியவருக்குத்தான் அது குறையாகப் பட்டது.

மோட்டாரே வேண்டாம் என்பதல்ல வாதம். அசையாத மாதிரி எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்: பானெட்டுக்குள் வெற்றிடம் இருக்கலாம், கியர்பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டையை அடைத்து மூடலாம். மோட்டார் வந்தால் விசை எங்கிருந்து எங்கே போகிறது என்ற கணக்கை ஒப்புவித்தே தீர வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இந்தப் பொழுதுபோக்கின் அருமையும் தெரியும், பலர் அதை எங்கே கோட்டைவிடுகிறார்கள் என்பதும் தெரியும்.

1:16 அளவில் ஒரு டிராக்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸெரியனோடு வந்த 107 மி.மீ. டயர் அந்த அளவில் 1.7 மீட்டர் உயரப் பின்சக்கரம் ஆகிறது. பெரிய டிராக்டருக்கு அது பொருத்தம். லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார் வரிசையின் எக்ஸ்.எல். மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 220 சுற்று சுற்றும். அதை நேராக ஆக்சிலில் மாட்டினால் வண்டி வினாடிக்கு 1.2 மீட்டருக்கு மேல் போகும். பதினாறால் பெருக்கினால் மணிக்கு 70 கி.மீ. கலப்பை மாட்டிய டிராக்டர் 70 கி.மீ. வேகத்தில்! மூன்றுக்கு ஒன்று என்று கியரில் குறைத்தாலும் 23 கி.மீ. வருகிறது, அது தார்ச்சாலை வேகம். உழவு வேகம் என்பது மணிக்கு 5 கி.மீ. சுற்றுவட்டாரத்தில். மாதிரியில் அது வினாடிக்கு 9 செ.மீ.க்கும் குறைவு.

இப்போது சின்ன ‘எம்’ மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சுமையில்லாமல் அது நிமிடத்துக்கு 405 சுற்று வரை போகும். டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு, அதாவது ரோட்டாவேட்டரையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் சுழற்றும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். உருவத்தைப் பதினாறில் ஒன்றாக்கினாலும் நிமிடம் நிமிடமாகவே இருப்பதால், சுற்று எண்ணிக்கை மாற வேண்டியதில்லை. ஆக, எம் மோட்டாரை எந்தக் கியரும் இல்லாமல் பி.டி.ஓ.வுக்குக் கொடுத்தால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதே மோட்டாரிலிருந்து 8 பல்லுக்கு 24 பல் என்ற ஜோடியை மூன்று முறை அடுக்கினால் 27க்கு ஒன்று. சக்கரம் நிமிடத்துக்கு 15 சுற்று. அந்த வேகத்தைப் பெரிதாக்கினால் மணிக்கு 4.8 கி.மீ. ஒரே மோட்டார், மூன்று ஜோடிப் பல்சக்கரம், உழவு வேகமும் பி.டி.ஓ. வேகமும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சரியான விகிதத்தில். கடையில் கிடைக்கிற துண்டுகளால் இவ்வளவு தூரம் வர முடிகிறது என்பது சாதாரண விஷயமல்ல.

இது கைகூடுவதற்கு லெகோவின் 8 மி.மீ. கட்டம் ஒரு காரணம். பல்சக்கரங்கள் எல்லாம் மாட்யூல் 1. எத்தனை பல்லோ அத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 8 பல்லுக்கு ஆரம் 4, 24 பல்லுக்கு 12. இரண்டும் சேர்ந்து 16 மி.மீ. துளையிலிருந்து துளைக்குச் சரியாக இரண்டு கட்டம். 12க்கு 20, 16க்கு 16 எல்லாம் இதே தூரத்தில் கச்சிதமாக உட்காரும். கட்டத்தோடு ஒத்துவராத விகிதம் வேண்டுமென்றால் திண்டாட்டம்தான். ஆனால் விகிதம் என்றால் என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்குக் கையில் கொடுத்துப் புரியவைக்க இதைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த 27 மடங்கு வேறொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. குறைப்பை எல்லாம் மோட்டார் பக்கத்திலேயே முடித்துவிட்டு, ஒரு நீள ஆக்சில் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்பிப் பாருங்கள். சக்கரம் எதிலாவது முட்டி நின்றதும் மோட்டார் நிற்காது. பிளஸ் வடிவ ஆக்சில் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதன் நான்கு விளிம்புகளும் திருகிப் போவது கண்ணுக்கே தெரியும். பிறகு எங்கோ ஒரு பல் தாண்டி ‘டக், டக்’ என்று சத்தம். கடைசி ஜோடியைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனால் ஆக்சிலுக்கு வருகிற முறுக்கு மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. உண்மை டிராக்டர்களில் டிஃபரன்ஷியலுக்கு வெளியே, சக்கரத்தை ஒட்டி, ஃபைனல் டிரைவ் என்று தனியாக ஒரு குறைப்பு இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம் இங்கே ஐந்து ரூபாய் ஆக்சிலை முறுக்கிச் சொல்லப்படுகிறது.

முன் ஆக்சிலும் இப்படித்தான். டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே முளையில் தொங்கி, வரப்பில் ஏறும்போது ஊஞ்சலாடும். பின் ஆக்சில் உடம்போடு இறுகி இருக்கும். ஸ்பிரிங் எதுவும் இல்லாமல் நான்கு சக்கரமும் மண்ணில் பதிவதற்கு இந்த எளிய ஏற்பாடு போதும். லெகோவில் இதைச் செய்வது சுலபம். ஸ்டியரிங் தண்டை அந்த ஊஞ்சல் முளை வழியாகவே அனுப்புவதும் வழக்கம். சிக்கல் அங்கேதான். ஒரு சக்கரம் தடித்த புத்தகத்தின் மேல் ஏறினால் ஆக்சில் சாயும், தண்டு சாயாது; கைபடாமலே சக்கரம் லேசாகத் திரும்பிவிடும். முளையைத் தாண்டி, ஆக்சிலுக்குள்ளேயே ஒரு வார்ம் கியர் வைத்தால் இந்தக் குறும்பு அடங்கும். தெரிந்தவர்கள் வைக்கிறார்கள்.

பெரிய குறை பின்பக்கத் தூக்கியில் இருக்கிறது. ஃபெர்குசன் பெயர் இன்றுவரை நிற்பதற்குக் காரணம் அவர் கண்ட மூன்றுமுனை இணைப்பு. கீழே இரண்டு கை, மேலே ஒன்று. கலப்பை மண்ணில் ஆழமாக இறங்கி இழுவை கூடினால், அந்த அழுத்தம் மேல்கை வழியாக ஹைட்ராலிக்குக்குத் தெரிந்து, அது கலப்பையை ஒரு சிறிது தூக்கும். அந்த எடை பின்சக்கரத்தின் மேல் விழுந்து பிடிமானம் கூடும். ஒரு டன்னைச் சற்றே தாண்டிய டிஇ20 தன்னைவிடக் கனமான வண்டிகளுக்கு ஈடாக உழுதது இதனால்தான். கீழ்க்கைகளைத் தூக்க மட்டும்தான் ஹைட்ராலிக். இறங்குவது கருவியின் சொந்த எடையால். அதனால் மேடு வந்தால் கருவி தானே எழும்பும்.

மாதிரிகளில் இந்த வேலைக்கு 2008இல் வந்த லீனியர் ஆக்சுவேட்டரை வைக்கிறார்கள். உள்ளே திருகு சுற்றி நீண்டு சுருங்கும் துண்டு அது. தூக்குவதில் கெட்டி. ஆனால் நிறுத்திய இடத்தில் விறைத்து நிற்கும். மேலே அசையாது, கீழேயும் அசையாது. கலப்பையை இறக்கினால் தரையில் குத்தி, டிராக்டரின் பின்பக்கத்தையே தூக்கிவிடும். கடைசியில் உள்கிளட்ச் வழுக்கிக் கறகறவென்று சத்தமிடும். பார்க்கிற பிள்ளைகள் கைதட்டலாம், ஆனால் கலப்பை என்ன செய்யும் என்பதற்கு நேர்மாறான பாடம் அது. 1984 முதல் கிடைக்கும் காற்றழுத்த சிலிண்டர் வைத்தாலாவது கொஞ்சம் மெத்தென்று இடம் கொடுக்கும். அதைவிட மலிவான வழி, தூக்கும் கம்பிக்கும் கீழ்க்கைக்கும் நடுவே நீள்துளையில் ஓடும் ஒரு பின். இரண்டு கட்ட நீளம் தளர்வு கொடுத்தால் போதும். கருவி தரையில் படிந்து தானாக ஏறி இறங்கும். மேல்கை வழி வரும் இழுவை உணர்வை இந்த அளவில் கொண்டுவருவது கஷ்டம். அது இல்லாததை மன்னிக்கலாம். மிதக்காத தூக்கியை மன்னிக்க முடியவில்லை.

அளவு விகிதம் பற்றி நிறையப் பெருமை பேசப்படுகிறது. உள்ளபடி பார்த்தால் விகிதத்தைத் தீர்மானிப்பது கட்டுகிறவர் அல்ல, டயர். 107 மி.மீ. டயரை வைத்து நம்மூர் 40 குதிரைத்திறன் வண்டியைக் கட்ட நினைத்தால், அதன் பின்டயர் 1.3 மீட்டர் உயரம் என்பதால் விகிதம் 1:12க்கு வந்து நிற்கும். பானெட் மெலிந்தது, எக்ஸ்.எல். மோட்டாரின் 40 மி.மீ. அகலமே அந்த அளவில் 48 செ.மீ. ஆகிவிடும். எடையிலும் இடிக்கிறது. டிஇ20ஐ 1:16இல் செய்தால் நியாயப்படி 270 கிராம்தான் இருக்க வேண்டும். ஆறு ஏஏ பேட்டரியும் ஒரு பெரிய மோட்டாரும் சேர்ந்தே 200 கிராமைத் தாண்டும். ஐரோப்பிய, அமெரிக்கப் பெரிய டிராக்டர்களே திரும்பத் திரும்பக் கட்டப்படுவதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, இடமும் காரணம். மண்ணில் ஓடுமா என்று கேட்க வேண்டாம். ஒரு மணல்துகள் கியருக்குள் போனால் போதும்.

ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்கலாம். மேலே சொன்ன எம் மோட்டார் வண்டி ஐந்து மீட்டர்க் கூடத்தைக் கடக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். பின்னால் எதுவும் சுழலவில்லை என்றால் பிள்ளை பத்து வினாடியில் எழுந்து போய்விடும், நியாயம்தான். ரோட்டாவேட்டர் கத்திகள் வண்டியின் நடையைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழல்வதைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்க்க விட்டால் கதை வேறு.

ரிமோட் மோகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 1958இன் கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். மோட்டார் விஷயத்தில் அந்த விசுவாசம் இல்லை. 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் அகச்சிவப்புக் கதிரில் இயங்கியது; வெயிலில் கொண்டுபோனால் ரிமோட் பேச்சைக் கேட்காது. டிராக்டருக்கு வெயில் ஆகாது என்பதைவிட அபத்தம் வேறென்ன! 2019இல் அதற்குப் பதிலாக வந்த கன்ட்ரோல் பிளஸ் புளூடூத்தில் இயங்குகிறது, பழைய இணைப்பான்களோடு சேராது, ஓட்டக் கைப்பேசியும் செயலியும் வேண்டும். செயலியைப் புதுப்பிப்பது நிறுவனம் நிறுத்தும் நாளில், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டி அலமாரிக்குப் போகும். ஒரு சுவிட்ச் வைத்த பேட்டரிப் பெட்டி, ஒரு எம் மோட்டார், ஸ்டியரிங்குக்குக் கூரையில் நீட்டிய ஒரு கைப்பிடி என்று கட்டிய டிராக்டருக்கு இந்தக் கவலை கிடையாது. பழைய எம் மோட்டாரை லெகோ இப்போது விற்பதில்லை. கைமாறி வருவதோ, அதே இணைப்பானோடு பிறர் செய்வதோ போதும். மீதிப் பணத்துக்கு இன்னொரு கருவி கட்டலாம்: ரோட்டாவேட்டருக்கு அடுத்து ஒரு வட்டுக் கலப்பை, அதற்கடுத்து ஒரு டிப்பர்.